சைக்கிள் ஓட்டம் ஒரு தொழிலாகுமா? சுவிஸ் பேர்னிலிருந்து ஒரு அப்பாவின் கேள்விக்குப் பதில்

கேள்வி: என் மகனுக்கு இந்த வருடம் 18 முடிகிறது. சின்ன வயதிலிருந்தே இங்குள்ள வேலோ (சைக்கிள்) கிளப்பில் ஓடுகிறான். ஜூனியர் போட்டிகளில் சில தடவை மேடை ஏறியிருக்கிறான். மலையில் கெட்டிக்காரன் என்று பயிற்சியாளர் சொல்கிறார். மின்வேலைக்கான லேரவில் (தொழிற்பயிற்சியில்) மூன்றாம் வருடம் தொடங்கியிருக்கிறது, மொத்தம் நான்கு வருடம். இப்போது பெல்ஜியத்தில் ஒரு கொன்டினென்டல் அணி (மூன்றாம் மட்ட அணி) அடுத்த வருடத்துக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சம்பளம் கிடையாது. சைக்கிளும் உடுப்பும் தருவார்கள், தங்குமிடச் செலவுக்கு நாங்கள் மாதாமாதம் ஒரு தொகை கட்ட வேண்டும். லேரவை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் விழுவதைப் பார்க்கப் பயந்து அவனுடைய அம்மா போட்டிக்கே வருவதில்லை. இது பிழைக்கக்கூடிய தொழிலா? நாங்கள் விடலாமா? இன்னொன்று, சின்ன விஷயம்தான். சோறு சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். எதையும் தராசில் வைத்து நிறுத்த பிறகுதான் சாப்பிடுகிறான். அது பரவாயில்லையா?

பதில்:

வணக்கம் அண்ணா. கடைசியில் ‘சின்ன விஷயம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன். லேரவைப் பற்றியும் பெல்ஜியத்தைப் பற்றியும் ஆறுதலாகக் கதைத்து முடிவெடுக்கலாம். சாப்பாட்டு விஷயத்துக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

மலையில் ஓடுகிற பெடியன்கள் எல்லோரும் ஒரு கணக்கோடுதான் தூங்கி எழும்புகிறார்கள். கால் எத்தனை வாட் சக்தி தருகிறது என்பதை உடல் எடையால் வகுப்பதுதான் அந்தக் கணக்கு. உலகத் தரத்தில் மலையேறுகிறவர்கள் அரை மணி நேரத்துக்கு மேல் கிலோவுக்கு 6 வாட் என்ற அளவில் மிதிப்பார்கள். எடை 60 கிலோ என்றால் 360 வாட். உங்கள் மகனின் சைக்கிளில் சக்தியை அளக்கும் கருவி இருக்கும், தன்னுடைய எண் என்னவென்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த எண்ணைக் கூட்ட இரண்டு வழிகள் உண்டு. வாட்டைக் கூட்டலாம், அதற்கு வருடங்கள் வேண்டும். எடையைக் குறைக்கலாம், அது சில வாரங்களிலேயே நடந்துவிடும். 18 வயதில் எந்த வழியைப் பிடிப்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பொல்லாத விஷயம் என்னவென்றால், தொடக்கத்தில் அது பலன் தரும். ஒன்றிரண்டு கிலோ இறங்கியதும் மலையில் கெதியாக ஏறுவான், பயிற்சியாளரும் முதுகில் தட்டுவார். பிறகுதான் உடம்பு கணக்கைத் தீர்க்கத் தொடங்கும். செலவழிக்கிற சக்திக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உயிர் வாழ உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை உடம்பு ஒவ்வொன்றாகக் குறைத்துவிடும். டெஸ்டோஸ்டெரோன் இறங்கும், எலும்பு அடர்த்தி குறையும், நித்திரை கெடும், அடிக்கடி தடிமன் பிடிக்கும், பயிற்சி செய்தும் முன்னேற்றம் நின்றுவிடும். பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றுபோவதால் வீட்டில் யாராவது கவனித்துவிடுவார்கள். ஆண் பிள்ளைகளில் அப்படி வெளியே தெரியும் அறிகுறி இல்லாததால் நாள்போய்த்தான் பிடிபடுகிறது. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இந்த நிலைக்கு ஒரு பொதுப் பெயர் வைத்து, இது ஆண்களுக்கும் வரும் என்று எழுத்தில் சொன்னது.

சைக்கிள்காரருக்கு எலும்பு விஷயத்தில் இன்னொரு பாதகமும் இருக்கிறது. ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பில் விழுகிற அதிர்வுதான் அதை உறுதியாக்கும். சீற்றில் இருந்தபடி நாளுக்கு நாலைந்து மணி நேரம் மிதிப்பதில் அந்த அதிர்வு கிடைப்பதில்லை. போட்டிக்கு ஓடும் சைக்கிள்காரரில் சிலருக்கு முதுகெலும்பின் அடர்த்தி வயதுக்கு மிகக் குறைவாக இருப்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எலும்பு கட்டுகிற வயதில் சாப்பாட்டையும் குறைத்தால், பிறகு சின்ன விழுகையும் முறிவில் முடியும்.

சோற்றை விட்டுவிட்டான் என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. அவன் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வீரர்கள் எல்லோரும் சோறு சாப்பிடுகிறவர்கள். பெரிய அணிகளில் சமையற்காரர் கூடவே பயணம் செய்வார். போட்டி நாள் காலையில் மேசையில் வெள்ளைச் சோறும் பாஸ்தாவும் முட்டையும் இருக்கும். ஓடும்போது சாப்பிடவும் சோறுதான். பசைத்தன்மையுள்ள அரிசியைக் குழைய அவித்து, கிரீம் சீஸும் கொஞ்சம் சீனியும் சேர்த்து, தட்டில் அழுத்தி, துண்டு துண்டாக வெட்டி அலுமினியத் தாளில் சுற்றிச் சட்டையின் முதுகுப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட நம் பொங்கல் புக்கைதான். கடினமான போட்டியில் ஒரு மணி நேரத்துக்கு 90 முதல் 120 கிராம் மாச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. சோறாகவே சாப்பிடுவதானால் மணிக்கு 300 கிராமுக்கு மேல் வரும். வயிறு தாங்காது என்பதால்தான் பாதியைப் பானமாகவும் ஜெல்லாகவும் எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பட்டினி கிடந்து எடை குறைப்பது பெரிய அணிகளிலும் நடந்தது. இன்று அதே அணிகள் பெடியன்களைச் சாப்பிட வைக்க ஆள் போட்டிருக்கின்றன. இதை நீங்கள் சொன்னால் கேட்கமாட்டான், ஒரு விளையாட்டு மருத்துவரோ போசாக்கு நிபுணரோ சொல்லட்டும்.

ஆகவே இந்தக் கிழமையே குடும்ப மருத்துவரிடம் நேரம் எடுங்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், விட்டமின் டி, தைரொயிட், காலையில் எடுத்த டெஸ்டோஸ்டெரோன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நம் நிறத்துத் தோலோடு இந்த நாட்டுக் குளிர்காலத்தில் இருக்கிறவர்களுக்கு விட்டமின் டி குறைவது சாதாரணம், அதைத் தனியாகச் சரிசெய்ய வேண்டும். மருத்துவருக்குச் சந்தேகம் வந்தால் எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கானுக்கு அனுப்புவார். இன்னொன்று, அறைக்குள் அவன் தனியாகப் போகட்டும். என்னிடம் வருகிற பெடியன்களிடம் காலையில் விறைப்பு வருகிறதா, முன்பைவிடக் குறைந்துவிட்டதா என்று நேரடியாகவே கேட்பேன். ஹோர்மோன் இறங்கியதைக் காட்டும் முதல் அறிகுறிகளில் அதுவும் ஒன்று. அப்பா பக்கத்துக் கதிரையில் இருந்தால் எந்தப் பெடியனும் உண்மை சொல்லமாட்டான்.

சரி, இனித் தொழிலுக்கு வருவோம்.

‘பிழைக்கக்கூடிய தொழிலா’ என்ற கேள்விக்கு முன்னால் அது என்ன தொழில் என்பதை வீட்டில் எல்லோரும் விளங்கிக்கொள்ள வேண்டும், மகன் உட்பட. டிவியில் தெரிவது கையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடக்கிற ஆள் மட்டும்தான். டூர் டி பிரான்ஸில் ஓர் அணிக்கு எட்டுப் பேர். அந்த எட்டில் வெல்வதற்காக ஓடுகிறவர் ஒருவர், மிஞ்சிப்போனால் இரண்டு பேர். மற்றவர்கள் சம்பளம் வாங்குவது அவர் வெல்வதற்காக. காற்றைத் தாங்கள் வாங்கி அவரைப் பின்னால் வைத்திருப்பது, தப்பி ஓடிய கூட்டத்தை மணிக்கணக்காக முன்னுக்கு நின்று துரத்துவது, அவருக்கு டயர் காற்றுப் போனால் தன் சில்லைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீதியோரம் நிற்பது இவையெல்லாம் அவர்களுடைய வேலை.

தண்ணீர் கொண்டுவருவதும் அந்த வேலைதான். வெயில் நாளில் ஒருவர் மெல்ல மெல்லப் பின்னுக்கு நழுவி, கூட்டத்துக்குப் பின்னால் வரிசையாக வரும் கார்களுக்குள் தன் அணிக் காரைத் தேடிப் பிடிப்பார். ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தபடி காரின் ஜன்னலோடு ஒட்டி ஓடுவார். உள்ளேயிருந்து போத்தல்கள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு சைக்கிளில், மூன்று முதுகுப் பைகளில், மீதியைக் கழுத்து வழியாகச் சட்டைக்குள் திணித்துக்கொள்வார். ஒரு போத்தல் அரை லீட்டர் என்றால் எட்டுப் போத்தல் 4 கிலோ. அந்தச் சுமையோடு, பறந்துகொண்டிருக்கும் கூட்டத்தை ஓடிப் பிடித்து, இடைவெளிகளுக்குள் நுழைந்து முன்னுக்குப் போய் ஏழு பேருக்கும் பங்கிட வேண்டும். முடிந்ததும் திரும்ப அதே வேலை. ஒரு கிலோ குறைக்கச் சோற்றை விட்ட பெடியன், தொழில் கிடைத்தால் செய்யப் போவது நாலு கிலோ தண்ணீரோடு மலையேறுவதாக இருக்கலாம். இதை அவனிடம் சொல்லிப் பாருங்கள்.

உதாரணத்துக்கு நம் நாட்டிலேயே ஒருவரைக் காட்டுகிறேன். லுட்சேர்ன் மாநிலத்துக்காரர் மிக்காயேல் ஷேர். உயரமான மனிதர், 2006-ல் தொழில்முறைக்கு வந்து 2023 வரை ஓடினார். அவருடைய வெற்றிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2013-ல் சுவிஸ் தேசிய வீதிச் சம்பியன் ஆனதுதான் அவற்றில் பெரியது. ஆனால் 2011-ல் ஆஸ்திரேலியர் கடெல் எவன்ஸ் டூர் டி பிரான்ஸ் வென்றபோது அவரைச் சுமந்து பாரிஸ் கொண்டுபோய்ச் சேர்த்த பிஎம்சி அணியில் ஷேரும் இருந்தார். 18 பருவங்கள் பெரிய அணிகள் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தன. இந்தத் தொழிலில் வெற்றிகரமான வாழ்க்கை என்பது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 2021 ஃபிளாண்டர்ஸ் சுற்றில் வெற்றுப் போத்தலை ரசிகர்கள் பக்கம் எறிந்ததற்காக, அப்போதுதான் வந்திருந்த புது விதியின்படி அவரைப் போட்டியிலிருந்து விலக்கினார்கள். சிறுவனாக டூர் பார்க்கப் போன இடத்தில் ஒரு வீரரின் போத்தல் தன் கைக்குக் கிடைத்ததிலிருந்துதான் தன் சைக்கிள் பைத்தியம் தொடங்கியது என்று அதன் பிறகு அவர் எழுதினார். விதியைக் கொஞ்ச நாளில் தளர்த்தினார்கள் என்பது வேறு கதை.

ஷேரைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர் ஓடிய அணிகளின் பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே இந்தத் தொழிலின் நிலையாமை விளங்கும். முதலில் ஃபோனாக். அதன் தலைமை வீரர் ஃபிளொய்ட் லாண்டிஸ் 2006 டூரை வென்று, ஊக்கமருந்தில் பிடிபட, அந்த வருடத்தோடு அணியே இல்லாமல் போயிற்று. அடுத்தது அஸ்தானா. 2007-ல் அதன் தலைமை வீரர் விநோகுரோவ் ஊக்கமருந்தில் பிடிபட்டு அணி டூரின் நடுவில் வெளியேறியது. பிறகு பிஎம்சி. பின்னால் நின்ற செல்வந்தர் அண்டி ரீஸ் 2018-ல் காலமாக, அணி சிசிசி என்ற போலந்து நிறுவனத்தின் பெயரில் தொடர்ந்தது. அந்த நிறுவனமும் 2020-ல் விலகியது. உதைபந்தாட்டக் கழகத்துக்கு மைதானமும் டிக்கெட் காசும் இருக்கின்றன. வீதியோரம் நின்று பார்க்கிறவர் யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. பெரும்பாலான அணிகள் விளம்பரதாரரின் காசில்தான் உயிர்வாழ்கின்றன, அவர் கையை விரித்தால் முப்பது வீரர்களும் வேலை தேட வேண்டும். நன்றாக ஓடினாலும் இது நடக்கும். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் 1-ல் ஒப்பந்தச் சந்தை திறக்கும்போது, அடுத்த வருடத்துக்குக் கையெழுத்து இல்லாதவர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

பிழைக்கலாமா என்று கேட்டீர்கள், ஆகவே சம்பளத்தைப் பார்ப்போம். உச்சத்தில் 18 உலகச் சுற்று (WorldTour) அணிகள், ஏறத்தாழ 500 ஆண்கள். அந்த மட்டத்துக்குச் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் குறைந்தபட்சச் சம்பளம் வைத்திருக்கிறது. 2024-ல் அது ஆண்டுக்குச் சுமார் 42,000 யூரோ, புதிதாக வருகிறவருக்குச் சுமார் 34,000. புதியவருக்கு இரண்டு வருட ஒப்பந்தமாவது கொடுக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. தடே பொகாச்சர் போன்ற ஒரு சிலர் மில்லியன் கணக்கில் உழைக்கிறார்கள். நல்ல உதவி வீரர் குறைந்தபட்சத்தைவிடப் பல மடங்கு எடுப்பார். ஆனால் அடிமட்டத்தில் இருக்கிற புதியவரின் சம்பளம், உங்கள் மகன் லேர முடித்து இந்த நாட்டில் மின்வேலைக்குப் போனால் எடுக்கும் சம்பளத்தைவிடக் குறைவு. பரிசுத் தொகையை நம்ப வேண்டாம். டூரில் ஒரு நாள் போட்டியை வெல்கிறவருக்கு 11,000 யூரோ, மொத்தத்தையும் வெல்கிறவருக்கு 500,000. அதையும் அணியினரும் மெக்கானிக்கும் உடம்பு பிடித்துவிடுகிறவரும் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

உலகச் சுற்றுக்குக் கீழே ‘புரோ’ அணிகள். முன்னாள் சுவிஸ் வீரர் கன்சலாரா தொடங்கிய நம் டியூடர் அணி அந்தப் படியிலிருந்துதான் 2025-ல் டூருக்கு அழைப்பு வாங்கியது. அதற்கும் கீழேதான் கொன்டினென்டல். அந்த மட்டத்துக்குச் சர்வதேசக் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்று இல்லை. சில கொன்டினென்டல் அணிகள் பெரிய அணிகளின் நாற்றுமேடைகள், அங்கே இடம் கிடைப்பது பெரிய விஷயம். வேறு சில, சைக்கிளும் உடுப்பும் கொடுத்துப் பெடியனின் இளமையை இலவசமாக வாங்கிக்கொள்பவை. உங்களுக்கு வந்த அழைப்பு எந்த வகை என்று அணியின் பெயர் இல்லாமல் என்னால் சொல்ல முடியாது. ஆனால் திறமை இருக்கிறது என்று நம்பி ஒரு பெடியனைக் கூப்பிடுகிற அணி, பெற்றோரிடம் மாதக் காசு கேட்பதை நான் நல்ல அறிகுறியாக எடுக்கமாட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தேடிப் பாருங்கள்: கடந்த மூன்று வருடத்தில் அந்த அணியிலிருந்து எத்தனை பேர் மேல் மட்டத்துக்குப் போனார்கள்? வீரர்களின் பெயரும் அணியும் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. மகனையே தேடச் சொல்லுங்கள், ஒரு மாலை வேலைதான். ஒருவருமே போகவில்லை என்று அவனே கண்டுபிடித்தால் நீங்கள் வாய் திறக்கத் தேவையில்லை.

இனி லேர. என் அபிப்பிராயம்: விடக்கூடாது. ‘முதலில் படிப்பு, பிறகு விளையாட்டு’ என்று நம் வீடுகளில் சொல்கிற அர்த்தத்தில் நான் இதைச் சொல்லவில்லை. சைக்கிளை ஓட விடுங்கள், முழு மூச்சோடு ஓடட்டும். லேரவை விடுவதால் அவன் கெதியாக ஓடப்போவதில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடம் அவன் 23 வயதுக்குட்பட்டோர் பிரிவுக்குப் போகிறான். 19 முதல் 22 வரை, நான்கு பருவங்கள். லேர முடியும்போது அவனுக்கு 20 வயது ஆகும் பருவம் பாதியில் இருக்கும். அதற்குப் பிறகும் இரண்டரைப் பருவங்கள் கையில் இருக்கின்றன. அதுவரைக்கும் சுவிஸ் கிளப்பில் ஓடிக்கொண்டு, விடுமுறையில் பெல்ஜியப் போட்டிகளுக்குப் போய் வரலாம். அங்குள்ள காற்றும் கல்வீதியும் நெருக்கமும் என்னவென்று படிக்கக் குடிபெயரத் தேவையில்லை.

இந்த நாட்டில் இதற்கென்றே வழியும் இருக்கிறது, நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. போட்டி விளையாட்டில் இருக்கும் பிள்ளைகளை ஏற்றுக்கொள்ளும் தொழில் நிறுவனங்களுக்கு சுவிஸ் ஒலிம்பிக் ஒரு முத்திரை கொடுக்கிறது. அப்படியான இடத்தில் வேலை நேரத்தைக் குறைத்து, லேரவை ஒரு வருடம் நீட்டிக்கொள்ளலாம். இப்போதைய முதலாளியோடும் மாநிலத் தொழிற்கல்வி அலுவலகத்தோடும் கதைத்துப் பாருங்கள். திறமையுள்ள இளம் வீரர்களுக்கு சுவிஸ் ஒலிம்பிக் கொடுக்கும் திறமை அட்டை அவனிடம் இருக்கிறதா என்று கிளப்பில் கேளுங்கள். அது இருந்தால் பேச்சு இலகுவாகும். இல்லையென்றால், சுவிஸ் சைக்கிள் சம்மேளனம் அவனை எந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறது என்பதற்கு அதுவே ஒரு பதில்.

‘இப்போது போகாவிட்டால் பிந்திவிடும்’ என்பான். அவன் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ரெம்கோ எவனபூல் 2018-ல் ஜூனியர் உலகச் சம்பியன் ஆகி, அடுத்த வருடமே நேராக உலகச் சுற்று அணிக்குப் போனதிலிருந்து அணிகள் 17 வயதுப் பிள்ளைகளின் வாட் கணக்கைக் கேட்டு வாங்குகின்றன. ஆனால் அந்த வழியால் போகிறவர்களை அணிகளே தேடி வந்து, காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகும். தேடி வராதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. யோனஸ் விங்கேகோர் டென்மார்க்கின் ஹான்ஸ்ட்ஹோல்மில் காலையில் மீன் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் பயிற்சி செய்த பெடியன். 22 வயதில்தான் பெரிய அணி எடுத்தது, 2022-லும் 2023-லும் டூரை வென்றார். பிரிமோஷ் ரொக்லிச் 18 வயதில் சைக்கிள்காரரே இல்லை, பனிச்சறுக்குத் தாவலில் இருந்தார். உலகச் சுற்றுக்கு வந்தபோது வயது 26. இவர்கள் விதிவிலக்குத்தான், மறுக்கவில்லை. எவனபூலும் விதிவிலக்குத்தான்.

அம்மாவின் பயத்தைப் பற்றி. ‘ஒன்றும் ஆகாது’ என்று நான் எழுதமாட்டேன். 2023-ல் சுவிஸ் சுற்றில் அல்புலா இறக்கத்தில் விழுந்து கீனோ மேடர் 26 வயதில் இறந்தார். 2024-ல் சூரிச் உலகப் போட்டியில் ஜூனியர் பெண்கள் ஓட்டத்தில் விழுந்து இறந்த முரியல் ஃபூரருக்கு 18 வயது. காட்டுப் பகுதியில் விழுந்ததால் அவரை உடனே யாரும் காணவில்லை என்பதுதான் எல்லோரையும் உலுக்கியது. அதன் பிறகு 2025-ல் சில போட்டிகளில் ஒவ்வொரு சைக்கிளிலும் இருப்பிடம் காட்டும் கருவி பொருத்தத் தொடங்கினார்கள். பயிற்சியில் பொதுவீதியும் சும்மா இல்லை. ஜீரோ டி இத்தாலியா வென்றவர் பட்டியலில் பெயர் உள்ள மிக்கேலே ஸ்கார்போனி 2017-ல் தன் வீட்டுக்குப் பக்கத்தில் வேன் மோதித்தான் இறந்தார்.

செய்யக்கூடியவை சில இருக்கின்றன. இறக்கத்தில் வளைவு எடுப்பதை மிதிப்பதைப் போலவே பழக்க வேண்டும், கிளப்பில் அதற்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். பொதுவீதியில் போகும்போது முன்னும் பின்னும் பகலிலும் லைட் எரிய வேண்டும். தலை அடிபட்டால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. எழும்பி ஏறுகிறேன் என்று அவன் சொன்னாலும், கேள்விக்குச் சரியாகப் பதில் சொன்னாலும் ஏறக்கூடாது. அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக்கூடாது. காறை எலும்பு முறிந்தால் ஆறு வாரத்தில் திரும்ப ஓடுவான், அதற்கு நான் பயப்படமாட்டேன். தலை வேறு. அம்மா போட்டிக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஆனால் என்ன பாதுகாப்பு இருக்கிறது, என்ன இல்லை என்று அவன் வாயால் அவருக்குச் சொல்லட்டும்.

ஊக்கமருந்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஒரு விஷயம் மட்டும்: இணையத்தில் வாங்கும் பொடி, மாத்திரை எதுவும் வீட்டுக்குள் வரவேண்டாம். பெட்டியில் எழுதாத தடைசெய்த பொருள் அவற்றில் கலந்திருப்பது நடக்கிற விஷயம், ‘எனக்குத் தெரியாது’ என்பது அங்கே செல்லாது. மேல் மட்டத்துக்குப் போனால் பரிசோதனைப் பட்டியலில் பெயர் வரும். நாள்தோறும் ஒரு மணி நேரம் தான் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தடவை தவறினால் மருந்தே எடுக்காதவரும் தடைக்கு உள்ளாவார்.

எப்படிக் கதைப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். ‘விடமாட்டேன்’ என்று தொடங்கினால் அவன் பெல்ஜியத்தில்தான் நிற்பான். 18 முடிந்ததும் உங்கள் கையெழுத்தே தேவையில்லை. நம் பெற்றோருக்குச் சைக்கிள் என்றால் பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் போகிற வாகனம், அதில் ஒரு தொழில் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குப் புதிது. அதை அவனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். இந்தத் தொழிலை எனக்குச் சொல்லித்தா, அந்த அணி தரும் ஒப்பந்தத்தை இருந்து சேர்ந்து வாசிப்போம் என்று கேளுங்கள். வாசிக்கும்போது சம்பளப் பக்கத்தைவிட, காயப்பட்டால் யார் பார்ப்பது என்ற பக்கத்தை முதலில் தேடுங்கள்.

அதில் உங்களுக்கு உடனடியாகப் பொருந்துகிற ஒரு விஷயம் இருக்கிறது. லேரவில் இருக்கும்வரை, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளியின் காப்புறுதி அவனை மூடும். லேரவை விட்டால் 31 நாளில் அது முடிந்துவிடும். அதற்குப் பிறகு கிராங்கன்காசேயில் (மருத்துவக் காப்புறுதியில்) விபத்துக் காப்புறுதியையும் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும் சிகிச்சைச் செலவுக்குத்தான் அது உதவும், முன்பு கிடைத்த ஊதிய இழப்பீடு அதில் கிடையாது. பெல்ஜியத்தில் பதிந்து குடியிருப்பதென்றால் நிலைமை இன்னும் மாறும். அந்த அணி அங்கே அவனை ஊழியராகப் பதிகிறதா, இல்லையா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை முதலாளியிடம் விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம்.